ஜகதீஷ் சந்திர போஸ்

சர் ஜகதீஷ் சந்திர போஸ் (நவம்பர் 30, 1858 - நவம்பர் 23, 1937) இந்திய இயற்பியலாளரும் தாவர உடலியங்கியல் அறிஞரும் ஆவார். நுண்ணலைகள், குறைக்கடத்திகள், தாவரங்கள் மீது ஒளியின் விளைவு ஆகியவற்றை ஆராய்ந்தவர். தமது கருவிகள் பலவற்றைத் தாமே வடிவமைத்து, உள்ளூர்க் கைவினைஞர்களைக் கொண்டு செய்வித்தார்.

வாழ்க்கைக் குறிப்பு

இன்றைய வங்காளதேசத்திலுள்ள மைமன்சிங்கில் பிறந்தார். தந்தை பகவான் சந்திர போஸ் அரசு அதிகாரியாக இருந்தபோதும், மகனை முதலில் வங்காள வழிப் பள்ளியிலேயே சேர்த்தார். கல்கத்தா புனித சேவியர் கல்லூரியில் படித்தபின், மருத்துவம் பயில லண்டன் சென்ற போஸ், உடல்நலக் குறைவால் அதனைக் கைவிட்டு, கேம்பிரிட்ஜில் இயற்கை அறிவியல் பயின்று 1884 இல் பட்டம் பெற்றார்.

1885 இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியரானார். ஐரோப்பியருக்கு வழங்கியதைவிடக் குறைந்த ஊதியமே இவருக்கு அளிக்கப்பட்டது. அதனை ஏற்க மறுத்து, மூன்று ஆண்டுகள் ஊதியமின்றியே பணியாற்றினார். பின்னர் அரசு முழு ஊதியத்தையும் நிலுவையுடன் வழங்கியது. 1887 இல் இவர் மணந்த அபலா, சென்னையில் மருத்துவம் பயின்றவர். பின்னாளில் பெண் கல்விக்காகப் பணியாற்றினார்.

இயற்பியல் ஆய்வுகள்

1890களின் நடுப்பகுதியில், சில மில்லிமீட்டர் அலைநீளமுள்ள மின்காந்த அலைகளை உருவாக்கினார். கம்பியில்லா அலைகளால் தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்தும், வெடிமருந்தைப் பற்றவைத்தும் காட்டினார். கலீனா என்னும் காரீயக் கனிமத்தாலான இவரது அலையுணர் கருவிக்கு 1904 இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. குறைக்கடத்திக் கருவிகளுக்கான முதல் காப்புரிமைகளுள் இதுவும் ஒன்று. இக்கருவி ஒளியையும் உணரவல்லது. எனினும் காப்புரிமையால் பொருளீட்டுவதில் போஸ் நாட்டம் கொள்ளவில்லை.

தாவர ஆய்வுகளும் எதிர்ப்பும்

தூண்டலுக்குத் தாவரத் திசுக்கள் மின் துலங்கல் காட்டுகின்றன என்னும் இவரது முடிவை, 1901 இல் உடலியங்கியலாளர் பர்டன் சாண்டர்சன் எதிர்த்தார். லண்டன் அரச கழகம் அக்கட்டுரையை வெளியிடாமல் நிறுத்தியது. கண்ணுக்குப் புலப்படாத வளர்ச்சியைப் பலமடங்கு பெருக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் கருவியை இவர் அமைத்தபோதும் ஐயங்கள் எழுந்தன. 1920 இல் லண்டனில் அறிவியலாளர் குழு ஒன்று அதனை நேரில் கண்டு உறுதி செய்தது. அவ்வாண்டே அரச கழகம் இவரை உறுப்பினராக்கியது. தாவரங்களுக்கு விலங்குகளைப் போன்ற நரம்பு அமைப்பு உண்டு என்னும் இவரது கருத்து இன்று ஏற்கப்படுவதில்லை. ஆயினும் தாவரங்களில் மின் சைகைகள் பரவுவது உறுதியாகியுள்ளது.

ஒளிச்சேர்க்கை

ஹைட்ரில்லா என்னும் நீர்த்தாவரம் ஒளி பட்டால் ஆக்சிசன் குமிழிகளை வெளியிடும். குமிழிகளின் அளவு மாறுபடுவதால் அவற்றை வெறுமனே எண்ணுவது துல்லியமன்று. எனவே குறிப்பிட்ட அளவு வாயு சேர்ந்ததும் திறக்கும் பாதரச அடைப்பிதழை போஸ் பயன்படுத்தினார். வாயு வெளியேறும் ஒவ்வொரு முறையும் மின்சுற்று இணைந்து, சுழலும் உருளையில் ஒரு குறி பதிவாகும். குறிகள் நெருங்கி விழுந்தால் ஒளிச்சேர்க்கை வேகமாக நடைபெறுகிறது என்று பொருள். இவ்வாய்வுகளை 1924 இல் நூலாக வெளியிட்டார். கோடைக்கால ஹைட்ரில்லாவின் ஒளிச்சேர்க்கை மாறுபடுவதையும் அதில் பதிவு செய்தார். வெப்பமான சூழலில் அச்செடி சி4 வகைக்கு மாறுவதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின.

இன்றைய பொருத்தம்

ஏற்காடு உள்ளிட்ட சேர்வராயன் மலைத் தோட்டங்களில், நிழல் மரங்களின் கிளைகளைக் கழித்துக் காப்பிச் செடிகளுக்கான ஒளியை ஒழுங்கு செய்வர். வீட்டினுள் செடி வளர்ப்போர் எல்.இ.டி. விளக்குப் பலகைகளைத் தாமே அமைத்து, பச்சையம் மிகுதியாக உறிஞ்சும் சிவப்பு, நீல ஒளியைத் தருகின்றனர். செடிக்கு எவ்வளவு ஒளி வேண்டும் என்பதே இரண்டிலும் எழும் கேள்வி. அதற்கான விடையை ஊகிக்காமல் செடியையே அளந்தறிய முயன்றவர்களுள் போஸ் முன்னோடி ஆவார். விளக்கின் தொலைவை மாற்றி ஹைட்ரில்லாவின் குமிழிகளை எண்ணும் சோதனையை மாணவர்கள் எளிதில் செய்து பார்க்கலாம்.

இறுதிக் காலம்

1917 இல் சர் பட்டம் பெற்றார். அவ்வாண்டு நவம்பர் 30 அன்று, தமது பிறந்தநாளில், கல்கத்தாவில் போஸ் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். இன்றைய ஜார்க்கண்டிலுள்ள கிரிடியில் 1937 இல் காலமானார். அவர் நிறுவிய ஆய்வகம் தொடர்ந்து இயங்கி வருகிறது.