வலிமையும் ஓர் அமானிதமே

அருட்கொடைக்கு நன்றி செலுத்துவது மூன்று வகைப்படும் என்று நம் இமாம்கள் விளக்கியுள்ளனர். கொடுத்தவன் யார் என்பதை உள்ளம் உணர்வது முதலாவது. அதனை நாவு மொழிவது இரண்டாவது. அக்கொடையைக் கொடுத்தவன் உவக்கும் வழியில் உறுப்புகள் பயன்படுத்துவது மூன்றாவது. நம்மில் பலருடைய ஷுக்ரு நாவோடு நின்றுவிடுகிறது. உறுப்புகளின் ஷுக்ருக்கு எடுத்துக்காட்டுத் தேடுவோர் குஸ்திக் கோதாவிலும் அதனைக் காணலாம். காமா பயில்வானின் வாழ்க்கை அதற்குச் சான்று பகர்கிறது.

குலாம் முஹம்மது என்னும் இயற்பெயர் கொண்ட காமா, 1878ஆம் ஆண்டில் காஷ்மீர வழிவந்த மல்லர் குடும்பமொன்றில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். பாட்டனாரும் மாமனும் அந்த யத்தீம் பிள்ளையை வளர்த்துப் பயிற்சியும் அளித்தனர். 1888ஆம் ஆண்டில் ஜோத்பூர் சமஸ்தானத்தில் பஸ்கி எடுக்கும் போட்டி நடைபெற்றது. நூற்றுக்கணக்கான பயில்வான்கள் களத்தில் இறங்கினர். இறுதிவரை நின்ற சிலருள் பத்து வயதுக் காமாவும் ஒருவர். அவருடைய இளமையை வியந்த மகாராஜா அவரையே வெற்றியாளராக அறிவித்தார். பின்னர் ததியா சமஸ்தானத்து அரசர் அவரைத் தம் ஆதரவில் ஏற்றார்.

வெற்றி கிட்டியவுடன் உழைப்பைத் தளர்த்துவது மனித இயல்பு. காமாவோ தண்டாலையும் பஸ்கியையும் நாள்தோறும் ஆயிரக்கணக்கில் எடுத்து வந்தார். பிறர் ஊட்டி வளர்த்த உடலைச் சோம்பலுக்கு இரையாக்காமல் காத்ததே அவர் செலுத்திய நன்றி எனலாம்.

1910ஆம் ஆண்டில் அவர் தம் சகோதரர் இமாம் பக்ஷுடன் இலண்டன் சென்றார். உயரம் குறைவு என்று கூறி அங்குள்ளோர் அவரைப் போட்டியில் சேர்க்கத் தயங்கினர். அவர் மனமுடைந்து கப்பலேறவில்லை. எவரும் தம்மோடு பொருதலாம் என்று பொது அறைகூவல் விடுத்தார். முன்வந்த அமெரிக்க மல்லர் ரோலரை எளிதில் வீழ்த்தினார். செப்டம்பர் 10ஆம் நாள் போலந்து நாட்டுப் பெருமல்லர் ஸ்பிஸ்கோவுடன் இரண்டரை மணி நேரத்துக்கும் மேலாகப் பொருதினார், முடிவு காணப்படவில்லை. 17ஆம் நாள் மீண்டும் சந்திக்க வேண்டிய ஸ்பிஸ்கோ களத்துக்கு வரவில்லை. வெற்றிப் பட்டை காமாவுக்கு அளிக்கப்பட்டது. 1928ஆம் ஆண்டில் பாட்டியாலாவில் இருவரும் மீண்டும் மோதினர். அப்போது காமாவுக்கு ஏறத்தாழ ஐம்பது வயது. ஒரு நிமிடத்துக்குள் ஸ்பிஸ்கோ மண்ணில் சாய்ந்தார். இடைப்பட்ட பதினெட்டு ஆண்டுகளிலும் அவர் பயிற்சியைக் கைவிடாததன் பலன் அது.

வென்றவன் தோற்றவனை இகழ்வது நன்றிகேட்டின் முதற்படி. தாம் சந்தித்தவர்களுள் மிகவும் வலியவர் யார் என்று வினவியபோது, காமா தம்மால் வெல்லப்பட்ட ரஹீம் பக்ஷ் சுல்தானிவாலாவின் பெயரையே கூறினார். தம்மைவிட மிக உயரமான அந்த மூத்த மல்லரோடு பதினேழாம் வயதிலேயே மோதியவர் அவர். வெல்ல முடியாத அந்தப் போட்டியே தம்மை உருவாக்கியது என்பதை அவர் மறக்கவில்லை போலும்.

1947ஆம் ஆண்டில் நாடு பிரிந்தது. லாகூரில் தம் தெருவில் வாழ்ந்த இந்துக் குடும்பங்களைத் தாக்க வந்தோரை, காமா தம் சீடர்களுடன் எதிர்த்து நின்று தடுத்தார் என அவர் வரலாற்றை எழுதியோர் பதிவு செய்துள்ளனர். அக்குடும்பங்களுக்கு உணவளித்துப் பாதுகாப்புடன் எல்லை வரை அனுப்பிவைத்தார் என்றும் கூறுகின்றனர். மாற்றாரை மண்ணில் வீழ்த்திய கரங்கள் அண்டை வீட்டாரின் மானத்தைக் காத்தன. அமானிதம் அதற்குரிய இடத்தைச் சேர்ந்தது.

முதுமையில் நோயும் வறுமையும் அவரை வருத்தின. அவரைப் பேணிய சமஸ்தானங்கள் மறைந்துவிட்டன. அந்நிலையில் எல்லைக்கு அப்பாலிருந்து தொழிலதிபர் பிர்லா பொருளுதவியும் மாத உதவித்தொகையும் அனுப்பினார். 1960ஆம் ஆண்டு மே மாதத்தில் லாகூரில் காமா வஃபாத்தானார்.

பெற்றோர்களே! உங்கள் மைந்தன் பந்தயத்தில் பரிசு பெற்று வரும்போது அவனைப் பாராட்டுங்கள். அத்துடன், அவன் கால்களுக்கு வலிமை தந்தவன் யார், உணவு சமைத்துக் கொடுத்த கை எது, பயிற்சி அளித்த ஆசான் எவர் என்பதையும் நினைவூட்டுங்கள். தோற்று வந்தாலும் அதே கேள்விகளைக் கேளுங்கள். பரிசு கைநழுவினாலும் அக்கொடைகள் கைநழுவவில்லை என்பதை அறிந்தவன் மறுநாள் வைகறையில் மீண்டும் களத்துக்குச் செல்வான். வலிமை ஒருநாள் திரும்பப் பெறப்படும். அது நம்மிடம் இருந்தபோது யாருக்குப் பயன்பட்டது என்னும் கணக்கு மட்டுமே எஞ்சும்.

வல்ல நாயன் நம் உடல்களையும் ஷுக்ரு செய்யும் உடல்களாக ஆக்கி அருள்வானாக! ஆமீன்.