ராபர்ட் லெக்கி

ராபர்ட் லெக்கி (ஏப்ரல் 16, 1890 – மார்ச் 31, 1975) ஸ்காட்லாந்தில் பிறந்த கனடிய விமானி ஆவார். முதல் உலகப் போரில் வடகடலின் மேல் இரண்டு ஜெர்மானிய செப்பெலின் வான்கப்பல்களை வீழ்த்தியதில் பங்கு கொண்டவர். கனடாவின் அரச விமானப் படைக்கு 1944 முதல் 1947 வரை தலைமை தாங்கினார். எனினும் இவரது போர்க்கால வாழ்வில் அதிகம் பேசப்படுவது, கடலில் விழுந்த இரு விமானிகளை மீட்க இவர் இறங்கிய நிகழ்வே.

தொடக்க காலம்

கிளாஸ்கோ நகரில் பிறந்த லெக்கி, இளம் வயதிலேயே கனடாவில் குடியேறினார். 1915ஆம் ஆண்டில் டொராண்டோவில் விமானம் ஓட்டப் பயின்று, பிரித்தானியக் கடற்படையின் விமானப் பிரிவில் சேர்ந்தார். இங்கிலாந்தின் கிழக்குக் கரையிலுள்ள கிரேட் யார்மவுத் தளம் இவருக்கு வாய்த்தது. மே 14, 1917 அன்று இவர் ஓட்டிச் சென்ற கர்டிஸ் வகைப் பறக்கும் படகு, டச்சுக் கரைக்கு அப்பால் எல் 22 என்னும் செப்பெலினைச் சுட்டு எரித்தது. அதிலிருந்த எவரும் பிழைக்கவில்லை.

கடலில் மூன்று நாட்கள்

செப்டம்பர் 5, 1917 அன்று லெக்கி அதே பறக்கும் படகில், கால்பின் என்னும் அதிகாரியின் கீழ், ஒரு டி.எச்.4 விமானத்துடன் செப்பெலின்களைத் தேடிப் புறப்பட்டார். இரண்டு வான்கப்பல்கள் தென்பட்டன. ஆனால் தாக்குதல் கைகூடவில்லை. திரும்பும் வழியில் டி.எச்.4இன் எந்திரம் நின்றுபோக, அது கடலில் விழுந்தது. அது தரையில் இறங்குவதற்கென அமைந்த விமானம். நீரில் நெடுநேரம் மிதக்காது.

பறக்கும் படகும் ஏற்கனவே எதிரிச் சூட்டில் சேதமடைந்திருந்தது. அலைகள் உயர்ந்திருந்தன. இறங்கினால் மீண்டும் எழ இயலாது என்பது ஏறத்தாழ உறுதி. இருந்தும் அது இறங்கியது. விழுந்த இருவரையும் ஏற்றிக்கொண்டது. எதிர்பார்த்தபடியே மீண்டும் எழ முடியவில்லை. எரிபொருள் தீரும்வரை அலைகளின் மேல் இங்கிலாந்தை நோக்கி ஓட்டினர். பிறகு ஆறு பேரும் மிதக்கத் தொடங்கினர்.

உட்புகுந்த நீரை இடைவிடாது இறைக்க வேண்டியிருந்தது. இறக்கையின் மிதவை உடைந்ததால், படகு சாயாதிருக்க ஒருவர் மாற்றி ஒருவர் மறுபக்க இறக்கையின் மேல் ஏறி இருந்தனர். குடிநீர் சிறிதளவே இருந்தது. இறுதியில் எந்திரத்தின் ரேடியேட்டர் நீரைக் குடித்தனர்.

படகில் நான்கு தூதுப் புறாக்கள் இருந்தன. எதிர்க்காற்றில் அவை ஒவ்வொன்றாக அனுப்பப்பட்டன. அவற்றுள் ஒன்று கரையை அடைந்து, களைப்பால் இறந்து கிடந்தது. அதன் காலில் இருந்த செய்தியே தேடும் கப்பல்களுக்கு வழிகாட்டியது. செப்டம்பர் 8 அன்று ஹால்சியன் என்னும் கடற்படைக் கப்பல் ஆறு பேரையும் உயிருடன் மீட்டது. அப்புறாவின் உடல் பதப்படுத்திப் பாதுகாக்கப்பட்டது.

இதற்கு முந்தைய ஆண்டில், பிப்ரவரி 1916இல், இதே வடகடலில் விழுந்த எல் 19 வான்கப்பலின் 16 பேரை ஒரு பிரித்தானிய மீன்பிடிக் கப்பல் கண்டும் ஏற்றாமல் சென்றது. ஆயுதமற்ற தன் சிறு குழுவை அவர்கள் மடக்கிவிடுவர் என்று அதன் தலைவர் அஞ்சினார். 16 பேரும் மாண்டனர். எதிரியை ஏற்றுவதும் தோழரை ஏற்றுவதும் ஒன்றல்ல என்றாலும், அக்கடலில் விழுந்தோருக்கு எஞ்சியிருந்த வாய்ப்பு எவ்வளவு சிறியது என்பதை இது காட்டும்.

எல் 70

ஆகஸ்ட் 5, 1918 இரவு, எக்பர்ட் காட்பரி ஓட்டிய விமானத்தில் லெக்கி துப்பாக்கி இயக்குநராகச் சென்றார். இவரது சூட்டில் எல் 70 எரிந்து கடலில் வீழ்ந்தது. ஜெர்மானியக் கடற்படை வான்கப்பல் பிரிவின் தலைவரான பீட்டர் ஸ்திராசர் உட்பட அதிலிருந்த 22 பேரும் இறந்தனர். அடுத்து எல் 65ஐத் தாக்கியபோது துப்பாக்கி சிக்கிக்கொண்டது. இருளில் அதைச் சரிசெய்ய இயலவில்லை. இங்கிலாந்தின் மீதான செப்பெலின் தாக்குதல்கள் அத்துடன் ஓய்ந்தன.

பிற்காலம்

1920 அக்டோபரில் நடந்த, கனடாவைக் குறுக்காகக் கடக்கும் முதல் வான்பயணத்தில், ஹாலிபாக்சிலிருந்து வினிப்பெக் வரையிலான கிழக்குப் பகுதியில் லெக்கி பங்கேற்றார். போர் வந்தால் விமானிகளைக் கனடாவில் பயிற்றலாம் என 1936இலேயே குறிப்பு எழுதினார். இரண்டாம் உலகப் போரில் அக்கருத்து பொதுநலவாய விமானப் பயிற்சித் திட்டமாக உருப்பெற்று, 1,30,000க்கும் மேற்பட்டோருக்குப் பயிற்சி அளித்தது. 1940 முதல் அதன் பயிற்சிப் பொறுப்பு லெக்கியிடம் இருந்தது. 1942இல் கனடிய விமானப் படைக்கு மாறினார்.

1947இல் ஓய்வு பெற்ற இவர், 84ஆம் வயதில் காலமானார். கனடாவின் வானூர்தியியல் புகழ் மன்றத்தில் 1988இல் இவர் பெயர் சேர்க்கப்பட்டது.