மலையருவியில் ஒளியைக் கண்டவர்

அருவிகளுக்கு நமது மலைநாட்டில் குறைவில்லை. அவற்றைக் கண்டு வியந்தவர் பலர். அந்த நீரின் வேகத்திலே நாடு முழுவதற்கும் வேண்டிய மின்சாரம் அடங்கியிருப்பதைக் கண்டு, அதற்காக வாழ்நாளெல்லாம் பாடுபட்டவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திரா.

அன்னார் 1874ஆம் ஆண்டு காலியில் பிறந்தார். தந்தையார் கைவினைத் தொழிலில் தேர்ந்தவர். கொழும்பு ஆனந்தாக் கல்லூரியில் கற்றபின் மகன் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தார். அக்காலத்தில் இலங்கையில் பல்கலைக்கழகமே கிடையாது. பெரிய பொறியியற் பதவிகளும் பெரும்பாலும் வெள்ளையர் கையிலேயே இருந்தன. இளைஞர் மனந்தளரவில்லை. பொதுவேலைத் திணைக்களத்தில் சிறு உத்தியோகத்தில் அமர்ந்து, வேலையோடு படிப்பையும் தொடர்ந்து, குடிசார் பொறியியலில் தகைமை பெற்றார். பின்னர் இலண்டன் சென்று ஃபாரடே இல்லத்தில் மின்பொறியியலும் கற்றார்.

கெகல்கமு ஓயா, மஸ்கெலி ஓயாப் பள்ளத்தாக்குகளில் தங்கம் உண்டா என்று ஆராய அரசு அவரை அனுப்பியதாகச் சொல்வர். அங்கே அவர் கண்டது தங்கத்தையல்ல; அபர்டீன், லக்சபான அருவிகளின் வலிமையை. லிந்துலைக்கு அண்மையிலுள்ள நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையே, பிளாக்பூல் என்னுமிடத்தில், 1912இல் சிறிய நீர்மின் நிலையமொன்றை அமைத்து, நுவரெலியா நகருக்கு ஒளி தந்தார். 1918இல் இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தின் முன்னே நீர்மின்சாரத்தின் பொருளாதாரப் பயனைக் கணக்கிட்டுக் கட்டுரை படித்தார்.

ஆயினும், ஆட்சியாளர் எளிதில் இணங்கினாரில்லை. 1924இல் தொடங்கிய லக்சபான வேலை 1927இல் நின்றுபோயிற்று. அன்னார் சோரவில்லை. ஓய்வு பெற்றபின் 1931இல் இரத்தினபுரித் தொகுதியில் வென்று அரசாங்க சபைக்குச் சென்று, அங்கும் இதற்காகவே வாதாடினார். இறுதியில் 1950இல் லக்சபான மின்நிலையம் இயங்கியது. முதற்கட்டத்தின் வலு 25 மெகாவாட். கட்டுரை படித்த நாளிலிருந்து 32 ஆண்டுகள்! தமது கனவு நனவானதைக் கண்ணாரக் கண்டு, 1953இல் அவர் மறைந்தார். நோர்ட்டன் பிரிட்ஜில் 1965இல் தொடங்கிய மின்நிலையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இங்கே ஒன்றையும் மறைக்கலாகாது. நம் மலைகளின் நீர் கொழும்பு நகருக்கு ஒளியூட்டிய பின்னரும், அம்மலைகளில் உழைத்தோரின் லயங்களில் நெடுங்காலம் குப்பி விளக்கே எரிந்தது. அந்த விளக்கொளியில் படித்து முன்னேறியவர் நம்மிடையே பலர்.

பெற்றோரே! பல்கலைக்கழக வாயில் திறக்கவில்லையே என்று பிள்ளையின் படிப்பை நிறுத்திவிடாதீர்கள். தொழில்நுட்பக் கல்லூரியையும் சிறு உத்தியோகத்தையும் இழிவாக எண்ணாதீர்கள். நாட்டுக்கே ஒளி தந்தவர் ஏறிய முதற்படிகள் அவையே. இளைஞரே! முதற்படியில் நின்றுவிடாமல், கிடைத்த வேலையோடு அடுத்த படிப்பையும் தேடிக்கொள்ளுங்கள்.