லோசானில் கற்ற மொழி

உரோமைப் பேரரசின் தளர்ச்சியையும் வீழ்ச்சியையும் ஆறு தொகுதிகளில் எழுதிய எட்வர்டு கிப்பன், 1737ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தார். ஆக்ஸ்போர்டில் பயின்றபோது, 1753இல் கத்தோலிக்க நெறியைத் தழுவினார். அக்கால இங்கிலாந்தில் கத்தோலிக்கருக்குப் பல்கலைக்கழகத்திலும் அரசுப் பதவிகளிலும் இடமில்லை. சினமுற்ற தந்தை, பதினாறு வயது மகனைச் சுவிட்சர்லாந்தின் லோசான் நகருக்கு அனுப்பினார். பவியார் என்னும் சீர்திருத்தச் சபைப் போதகரின் இல்லத்தில் தங்கி, மகன் பழைய நெறிக்குத் திரும்பவேண்டும் என்பதே அவர் நோக்கம். பிரெஞ்சு மொழி அவர் எண்ணத்திலேயே இல்லை.

வசதியான கல்லூரி அறையில் வாழ்ந்தவருக்கு ஒடுங்கிய தெருவில், பழைய வீட்டில், ஒரு சிற்றறை கிடைத்தது. கைச்செலவுக்குத் திங்கள்தோறும் சிறுதொகை. போதகரின் மனைவி அளித்த உணவில் சுவையும் இல்லை. அது வளரும் இளைஞரின் பசிக்குப் போதவும் இல்லை. வீட்டிலும் வீதியிலும் பிரெஞ்சே வழங்கியது. ஒன்றைக் கேட்கவோ, கேட்டதற்கு விடைகூறவோ இயலாமல் முதற்சில வாரங்களைக் கிப்பன் கழித்தார்.

பவியார் பொறுமைமிக்கவர், மாணவரின் அறிவாற்றலை உணர்ந்து கடிந்துகொள்ளாமல் நடத்தினார். இடையறாது கேட்ட ஒலிகள் சில மாதங்களில் நாவில் படிந்தன. பேச்சளவில் கிப்பன் நிறைவடையவில்லை. சிசரோவின் இலத்தீன் உரைநடையைப் பிரெஞ்சில் பெயர்ப்பார். தாளை ஒதுக்கி வைப்பார். மூலச்சொற்கள் மறந்தபின் அதனை மீண்டும் இலத்தீனாக்கிச் சிசரோவோடு ஒப்பிடுவார். தொடக்கத்தில் மலிந்திருந்த பிழைகள் படிப்படியாகக் குறைந்தன. ஒரே உழைப்பில் இரு மொழிகள் கைவந்தன.

1754ஆம் ஆண்டு கிறித்துமசு நாளில் அவர் சீர்திருத்தச் சபைக்குத் திரும்பினார். தந்தையின் நோக்கம் நிறைவேறிய பின்னரும் 1758 வரை லோசானிலேயே இருந்தார். அதற்குள் சிந்தனையே பிரெஞ்சில் எழுந்தது. ஆங்கிலக் கடிதங்களில் பிரெஞ்சுத் தொடரமைப்பு புகுந்தது. நாடு திரும்பியதும் சுவிப்டு, அடிசன் ஆகியோரின் நூல்களைப் படித்துத் தம் தாய்மொழியை மீட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. எனினும் 1761இல் வெளிவந்த அவரது முதல் நூல் பிரெஞ்சிலேயே அமைந்தது.

அடுத்துச் சுவிட்சர்லாந்தின் வரலாற்றையும் பிரெஞ்சில் தொடங்கினார். அமெரிக்கக் குடியேற்றங்களில் பரவிவரும் ஆங்கிலமே நெடுங்காலம் நிலைக்கும் என்று 1767இல் டேவிட் ஹியூம் அவருக்கு எழுதினார். சுவிசு வரலாறு முற்றுப்பெறவில்லை. 1776இல் உரோமை வரலாற்றின் முதல் தொகுதி ஆங்கிலத்தில் வெளிவந்தது. இறுதித் தொகுதிகளை எழுத, 1783இல் தம் மாணவப்பருவ நண்பர் தெவெர்துனின் இல்லத்தை நாடி அவர் மீண்டும் லோசான் சென்றார்.