பின்வரிசை அங்கத்தினர் சார்லஸ் பிராட்லா

ஜனப்பிரதிநிதியாகத் தெரிந்தெடுக்கப்பட்ட ஒருவரின் தகுதியை நம்மவர் பெரும்பாலும் அவருடைய மேடைப் பேச்சைக் கொண்டோ, அவருக்குக் கிடைத்த பதவியைக் கொண்டோ அளவிடுகின்றனர். அவர் சபைக்கு ஒழுங்காகச் சென்றனரா, யாது கேள்வி கேட்டனர், எந்த மசோதாவைக் கொணர்ந்தனர், எப்பக்கம் வோட்டளித்தனர் என்று விசாரிப்பார் சிலரே. மந்திரிப் பதவியோ கட்சித் தலைமையோ இன்றிச் சபையின் பின்வரிசையில் அமர்ந்திருப்பவருக்கு இவ்விசாரணையே உண்மையான உரைகல்லாகும். அவ்வுரைகல்லில் உரைத்துப் பார்க்கத் தக்க ஒரு பெரியாரின் சரித்திரத்தை நமது சங்கத்து அன்பர்களுக்கு ஈண்டுச் சுருக்கி உரைக்கப் புகுகின்றோம்.

சார்லஸ் பிராட்லா 1833-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 26-ந் தேதி லண்டன் மாநகரின் ஹாக்ஸ்டன் பகுதியில் ஓர் ஏழைக் குடும்பத்திற் பிறந்தார். தந்தையார் ஒரு வக்கீலிடத்துக் குமாஸ்தாவாக இருந்தவர். பிராட்லா சுமார் பதினொரு பிராயத்திற்குமேற் பள்ளிக்கூடத்தைக் கண்டவரல்லர். இளமையிலேயே கிறிஸ்தவ வேத விஷயமாக எழுந்த ஐயங்களைப் பாதிரியாரிடம் கேட்கப்போய், அவருடைய கோபத்திற்கு ஆளாகி, வீட்டையும் விட்டு நீங்கினார். 1850-இல் வறுமை தாளாது பட்டாளத்திற் சேர்ந்து அயர்லாந்தில் ஊழியஞ் செய்தார். 1853-இல் விடுதலை பெற்று மீண்டு, வக்கீல் குமாஸ்தாவாக அமர்ந்து, சட்டத்தைத் தாமே கற்றுத் தேர்ந்தார். பின்னர் நாடெங்கும் உபந்நியாசஞ் செய்தும், பத்திரிகை நடத்தியும், 1866-இல் தேசீய லௌகிக சங்கத்தை ஸ்தாபித்தும் புகழும் இகழும் ஒருங்கே எய்தினார். அவர் கடவுள் உண்டென்னுங் கொள்கையை ஒப்பாதவர். அக்கொள்கையை நாம் ஏற்க வேண்டுவதில்லை. அவர் ஜனப்பிரதிநிதியாக நடந்துகொண்ட முறையே ஈண்டு நமக்கு வேண்டுவது.

செம்மார் தொழில் மிகுந்த நார்தாம்ப்டன் நகரத்தில் 1868-இலும், 1874-இல் இருமுறையும் அபேக்ஷகராக நின்று தோல்வியுற்ற பிராட்லா, 1880-இல் வெற்றி பெற்றார். காமன்ஸ் சபையில் அமருமுன் ஒவ்வோர் அங்கத்தினரும் கடவுள் பெயரால் சத்தியப் பிரமாணஞ் செய்தல் அக்காலத்தில் வேண்டியிருந்தது. குவேக்கர் முதலான சில மதத்தார் மாத்திரம் அதற்குப் பதிலாக உறுதிமொழி கூறலாம் என்று சட்டமிருந்தது. பிராட்லா தமக்கும் அவ்வுறுதிமொழி உரிமை உண்டென்று கேட்டார். அது மறுக்கப்படவே, பிரமாணத்தையே செய்வதாகக் கூறி முன்வந்தார். ஆயினும் அதற்குச் சற்று முன்னர், அப்பிரமாணத்தின் சில சொற்கள் தமக்குப் பொருளற்றவை என்று பத்திரிகை வாயிலாக வெளியிட்டுவிட்டார். அது நேர்மைக்கு அடையாளமேயன்றி விவேகத்திற்கு அடையாளமன்று. பகைவர் அதனையே பற்றிக்கொண்டனர். 1880 ஜூன் 22-ந் தேதி, அவர் உறுதிமொழி கூறவுங் கூடாது, பிரமாணஞ் செய்யவுங் கூடாது என்று 275 வோட்டுக்கு 230 வோட்டாகச் சபை தீர்மானித்தது. மறுநாள் சபையை விட்டு நீங்க மறுத்தமையால், மணிக்கூண்டுக் கோபுரத்தில் அவர் சிறைவைக்கப்பட்டு, அதற்கடுத்த நாள் விடுவிக்கப்பட்டார்.

சில நாட்களில் சபை இறங்கிவந்து, சட்டப் பொறுப்பு முழுதும் அவரையே சார்ந்ததாக உறுதிமொழி கூற அனுமதித்தது. அவர் அமர்ந்து பேசியும் வோட்டளித்தும் வந்தார். பிரமாணமின்றி அளிக்கும் ஒவ்வொரு வோட்டுக்கும் 500 பவுன் அபராதம் என்பது சட்டம். எதிரிகள் வழக்குத் தொடுத்தனர். 1881-இல் நியாயஸ்தலம் அவருக்கு விரோதமாகத் தீர்ப்பளிக்க, ஸ்தானம் காலியாயிற்று. நார்தாம்ப்டன் வாசிகள் அவரையே மீண்டுந் தெரிந்தெடுத்தனர். சபை மீண்டுந் தடுத்தது. அவ்வருஷம் ஆகஸ்டு 3-ந் தேதி, போலீசாரும் சபைச் சேவகரும் ஒருங்கு கூடி, உடை கிழிய அவரை வெளியே இழுத்துத் தள்ளினர். வாயிலில் அவருடைய கட்சியார் பெருந்திரளாகக் கூடியிருந்தனர். அவர்களுள் அன்னி பெஸன்ட் அம்மையாரும் ஒருவர். பிற்காலத்தில் சென்னை அடையாற்றில் வசித்து, 1916-இல் ஹோம்ரூல் இயக்கத்தைத் தொடங்கியவர் அவரே. பிராட்லா கை அசைத்திருந்தால் கலகம் மூண்டிருக்கும். அவர் சட்ட வழியையன்றிப் பிறிதொரு வழியை நாடவில்லை.

1882-இலும் 1884-இலும் மறுதேர்தல்கள் நிகழ்ந்தன. இரண்டிலும் அவரே வென்றார். உறுதிமொழியை அனுமதிக்க 1883-இல் கிளாட்ஸ்டன் மந்திரிசபை கொணர்ந்த மசோதா மூன்றே வோட்டுகளால் தோற்றது. ஆயினும் அவ்வருஷத்திலேயே பிரபுக்கள் சபை, அபராத வழக்கில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 1885-ஆம் வருஷப் பொதுத் தேர்தலிலும் அவர் வெற்றி பெற, 1886 ஜனவரி 13-ந் தேதி புதிய பார்லிமெண்டின் சபாநாயகர் பீல் என்பவர், எவருடைய ஆட்சேபத்தையுங் கேட்க மறுத்து, அவரைப் பிரமாணஞ் செய்ய விடுத்தார். ஏறக்குறைய ஆறு வருஷப் போர் இவ்வாறு முடிந்தது.

இங்ஙனம் போராடிப் பெற்ற ஆசனத்தில் அவர் செய்தது யாது? இதுவே நாம் கருத்தூன்ற வேண்டிய பகுதி. மந்திரி அல்லாத அங்கத்தினருக்குச் சபையில் கிடைக்கும் காலம் மிகச் சொற்பம். தீர்மானங் கொணரவும் மசோதாவைப் பிரேரேபிக்கவும் அக்காலத்தில் சீட்டெடுப்பில் பெயர் வரவேண்டியிருந்தது; இரவு நேரம் கடந்தபின் ஒரே ஓர் அங்கத்தினர் ஆட்சேபித்தாலும் மசோதா பின்தள்ளப்பட்டது. எனவே, விதிகளை நன்கறிந்து, நள்ளிரவு வரை பொறுமையுடன் காத்திருப்பவருக்கே காரியங் கைகூடும். பிராட்லா அத்தகையவர்.

1886-இல் தொழிலாளர் நிலைமை குறித்த புள்ளிவிவரங்களை அரசாங்கமே திரட்டி வெளியிட வேண்டுமென்று தீர்மானங் கொணர்ந்து வென்றார். வர்த்தக இலாகாவில் அதற்கென ஒரு பகுதி ஏற்பட்டது. முதலாளிகள் கூலியை நாணயமாகக் கொடாது, தம் கடைச் சரக்காகக் கொடுத்துத் தொழிலாளரை வஞ்சித்த வழக்கத்தை ஒடுக்கும் திருத்தச் சட்டம் 1887-இல் அவர் முயற்சியால் நிறைவேறியது. சந்தைகளில் வசூலிக்கப்பட்ட சுங்கங்களைப் பற்றி விசாரிக்க ராயல் கமிஷனும், பரம்பரையாக அளிக்கப்பட்டுவந்த உபகாரச் சம்பளங்களைப் பற்றி விசாரிக்கத் தனிக் கமிட்டியும் அவர் தூண்டுதலால் அமைந்தன. தரிசு நிலங்களைக் கட்டாயமாகச் சாகுபடி செய்விக்க அவர் கருதிய மசோதா கைகூடாது ஒழிந்தது. யாவற்றினுஞ் சிறந்தது 1888-ஆம் வருஷத்துப் பிரமாணச் சட்டம். அதனால் பார்லிமெண்டில் மட்டுமன்றி, நியாயஸ்தலம் முதலிய எவ்விடத்தும் விரும்புவோர் பிரமாணத்திற்குப் பதிலாக உறுதிமொழி கூறும் உரிமை பெற்றனர். தம்மை வெளியே தள்ளிய அதே சபையைக் கொண்டே அவர் அதனை நிறைவேற்றுவித்தார்.

வோட்டில்லாத நம் நாட்டாருக்கும் அவர் பிரதிநிதியாய் விளங்கினார். இந்தியாவின் அங்கத்தினர் என்று அவரை அழைப்பாரும் உளர். இந்திய விஷயமாக ஓயாது கேள்விகள் கேட்டார். கடும் நோயிலிருந்து எழுந்த சில வாரங்களில் கப்பலேறி, 1889 டிசம்பரில் வெட்டர்பர்ன் துரையின் தலைமையில் பம்பாயிற் கூடிய காங்கிரஸ் மகாசபைக்கு வந்தார். அந்த 1889-ஆம் வருஷத்துச் சபைக்கு வந்த பிரதிநிதிகளின் தொகையும் 1889 ஆக அமைந்தது வியப்பே. திரும்பிச் சென்று, 1890-இல் இந்தியச் சட்டசபைகளைச் சீர்திருத்தும் மசோதாவைப் பிரேரேபித்தார். காஷ்மீர மகாராஜாவின் அதிகாரம் பறிக்கப்பட்டதைக் குறித்தும் அவ்வருஷத்தில் சபையில் விவாதம் எழுப்பினார். அவருடைய மசோதா சட்டமாகவில்லை. எனினும் 1892-இல் அரசாங்கமே இந்தியக் கவுன்சில் சட்டத்தை இயற்ற நேர்ந்தது.

அக்காலத்தில் அங்கத்தினருக்குச் சம்பளமில்லை. 1911-இலேதான் அஃது ஏற்பட்டது. பிராட்லா பகலிற் சபைக் காரியமும், ஓய்ந்த நேரத்தில் உபந்நியாசமுமாக உழைத்து, வழக்குகளால் விளைந்த கடனைத் தீர்க்க முயன்று உடல் நலிந்தார். 1891 ஜனவரி மாதத்தில் மரணப் படுக்கையிற் கிடந்தபோது, அம்மாதம் 27-ந் தேதி காமன்ஸ் சபை, 1880-ஆம் வருஷம் அவரைத் தடுத்த தீர்மானத்தைத் தன் நடவடிக்கைப் புத்தகத்திலிருந்து நீக்கிவிடத் தீர்மானித்தது. பழைய பகைவர் பலரும் எதிர்க்கவில்லை. அச்செய்தியை அறியும் நினைவு அவருக்கு இல்லை. 30-ந் தேதி, 57-ஆம் வயதில், அவர் காலமானார். புரூக்வுட் மயானத்தில் நடந்த சவ அடக்கத்திற்கு லண்டனில் வசித்த இந்தியர் பலர் சென்றிருந்தனர். அவர்களுள் சட்டங் கற்க வந்திருந்த மோகன்தாஸ் காந்தி என்னும் இளைஞரும் ஒருவர். 1894-இல் நார்தாம்ப்டன் நகரத்தார் அவருக்குச் சிலை எடுத்தனர்.

அன்பர்களே! மந்திரிப் பதவி வகியாத ஒருவர், பத்து வருஷப் பிரதிநிதித்துவத்தில் ஏறத்தாழப் பாதியை வாயிலில் நின்றே கழித்த ஒருவர், எஞ்சிய ஐந்து வருஷங்களில் இத்துணையுஞ் செய்து முடித்தார். அவர் செய்தவை யாவும் சபையின் குறிப்புப் புத்தகங்களில் தேதிவாரியாக இருக்கின்றன. புகழுரை வேண்டாதபடி அவையே பேசுகின்றன. அவரை மும்முறை இடைத்தேர்தலில் அனுப்பிய செம்மாரின் பெருமையும் சிறிதன்று. தம் பிரதிநிதி செய்வது யாதென்று கவனித்திருந்தமையாலன்றோ அவர்கள் சலியாது நின்றனர்?

நம்மில் ஒருவர் சட்டசபைக்கோ நகரசபைக்கோ சென்றால், மாலை சூட்டுவதோடு நம் கடமை முடிந்ததென்று எண்ணுகின்றோம். வருஷமொருமுறை அவர் கேட்ட கேள்விகளையும், சென்ற நாட்களையும், அளித்த வோட்டுகளையும் திரட்டிச் சங்கக் கூட்டத்தில் வாசிக்கச் செய்வோமாயின், உழைப்பவருக்கு ஊக்கமும், உறங்குபவருக்கு நாணமும் உண்டாகும். நம் குலத்தவர் என்பதற்காக ஒருவரை அனுப்புதல் எளிது. அனுப்பியவரிடம் கணக்குக் கேட்டலே அரிது. அவ்வரிய கடமையை நம் இளைஞர்கள் மேற்கொள்வார்களாக.