கிரானைட் கல்லில் நெருப்பைப் பார்த்தவர்... யார் இந்த ஜேம்ஸ் ஹட்டன்?

ஸ்காட்லாந்தின் தலைநகர் எடின்பரோவுக்குப் போனால், ஊருக்கு உள்ளேயே ஆர்தர்ஸ் சீட் என்று ஒரு குன்றைப் பார்க்கலாம். சுமார் 34 கோடி ஆண்டுகளுக்கு முன்பு குமுறி அடங்கிய எரிமலையின் மிச்சம் அது. அதன் பக்கத்துச் சரிவில் நீளமாக நிற்கும் கரிய பாறைச் சுவரும், பூமிக்கு அடியிலிருந்து வந்த மேக்மா இறுகியதுதான்.

இன்னைக்கு இது பாடப்புத்தக விஷயம். ஆனால் 18ஆம் நூற்றாண்டில், பாறைகள் எல்லாமே தண்ணீரில் உருவானவை என்றுதான் ஐரோப்பிய அறிஞர்கள் பலர் நம்பினார்கள். அதை எதிர்த்து நின்றவர், அந்தப் பாறைச் சுவருக்கு எதிரே வீடு கட்டி வாழ்ந்த ஜேம்ஸ் ஹட்டன். நவீன நிலவியலின் தந்தை என்று அழைக்கப்படுபவர்.

டாக்டர் பட்டம் வாங்கிய விவசாயி

1726 ஜூன் 3-ல் எடின்பரோவில் ஒரு வியாபாரிக் குடும்பத்தில் பிறந்தார் ஹட்டன். சின்ன வயசிலேயே அப்பா இறந்துட்டார். வக்கீல் ஒருவரிடம் தொழில் கற்க அனுப்பினார்கள். பையனின் கவனமோ ரசாயனப் பரிசோதனைகளில் இருந்தது. வக்கீல் வேலை ஒத்துவரவில்லை. பிறகு மருத்துவம் படித்து, 1749-ல் நெதர்லாந்தின் லைடன் நகரில் டாக்டர் பட்டமும் வாங்கினார். ஆனா டாக்டராகத் தொழில் பார்க்கவில்லை.

நண்பர் ஜேம்ஸ் டேவியுடன் சேர்ந்து புகைக்கரியிலிருந்து நவச்சாரம் எடுக்கும் தொழில் தொடங்கினார். ஆமாம், நம்ம ஊரில் பாத்திரத்துக்கு ஈயம் பூசுறவங்க பயன்படுத்துற அதே நவச்சாரம்தான். அந்த வருமானம் இருந்ததால் சம்பாத்தியக் கவலை இல்லாமல் ஆராய்ச்சியில் இறங்க முடிந்தது.

நடுவில் பத்து வருஷத்துக்கும் மேல், குடும்பச் சொத்தாக வந்த பண்ணையில் விவசாயம் பார்த்தார். அங்கேதான் அவருக்கு அந்தக் கேள்வி வந்தது. மழை பெய்யும்போதெல்லாம் வயல் மண் கரைந்து ஆற்றுக்குப் போகுது, ஆறு அதைக் கடலில் கொட்டுது. இப்படியே போனால் ஒருநாள் நிலமே மிஞ்சாதே? அப்படின்னா, புது நிலத்தை எது உருவாக்குது?

பூமிக்குள் இருக்கும் வெப்பம்தான். இதுதான் ஹட்டன் கண்டுபிடித்த பதில்.

தண்ணீரா, நெருப்பா?

அப்போது ஜெர்மனியின் ஃப்ரைபர்க் சுரங்கக் கல்லூரியில் ஆப்ரகாம் வெர்னர் என்ற பேராசிரியர் இருந்தார். ஆதியில் பூமியை மூடியிருந்த பெருங்கடலில் படிந்தவையே பாறைகள், அதில் முதலில் படிந்தது கிரானைட் என்பது அவர் பாடம். நிலக்கரி அடுக்குகள் பற்றி எரிவதால்தான் எரிமலை வருகிறது என்றும் சொன்னார். கூடவே, பூமிக்கு வயது சுமார் 6,000 ஆண்டுகள்தான் என்ற மத நம்பிக்கையும் வலுவாக இருந்த காலம் அது.

1785-ல் எடின்பரோ ராயல் சொசைட்டியில் ஹட்டனின் கட்டுரை இரண்டு கூட்டங்களில் வாசிக்கப்பட்டது. முதல் நாள் அவருக்கு உடம்பு சரியில்லை. நண்பரும் வேதியியலாளருமான ஜோசப் பிளாக்தான் வாசித்தார்.

கருத்து சொல்லியாச்சு. ஆதாரம் வேண்டுமே? கிரானைட் உருகிய நிலையில் கீழிருந்து மேலே வந்திருந்தால், அது பழைய பாறைகளின் விரிசல்களுக்குள் பாய்ந்திருக்க வேண்டும். அதே ஆண்டு, கிளென் டில்ட் என்ற பள்ளத்தாக்கின் ஆற்றுப்படுகையில் ஹட்டன் அதைக் கண்ணாலேயே பார்த்தார். கருத்த பாறைக்குள் செந்நிறக் கிரானைட், ரத்த நாளம் மாதிரி கிளை பிரிந்து ஓடியிருந்தது. அவர் சந்தோஷத்தைப் பார்த்த வழிகாட்டிகள், மனுஷனுக்குத் தங்கமோ வெள்ளியோ கிடைச்சிருச்சு என்றே நினைத்தார்களாம்!

மூன்று வருஷம் கழித்து, 1788-ல், ஜான் பிளேஃபேர், ஜேம்ஸ் ஹால் இருவரையும் படகில் கூட்டிக்கொண்டு சிக்கார் பாயின்ட் என்ற கடற்கரைக்குப் போனார். அங்கே செங்குத்தாக நிமிர்ந்த பழைய பாறை அடுக்குகள் மேல், லேசாகச் சாய்ந்த செம்மணற்கல் அடுக்குகள் படிந்திருந்தன. கடலில் படிந்து, இறுகி, மேலே எழுந்து, தேய்ந்து, மறுபடி புது அடுக்கு படிய எவ்வளவு காலம் ஆகியிருக்கும்? 6,000 ஆண்டுக் கணக்கு அங்கே செல்லாது என்பது புரிந்தது.

எதிர்ப்பும் வந்தது. அயர்லாந்து விஞ்ஞானி ரிச்சர்ட் கிர்வான் கடுமையாகத் தாக்கினார். ஹட்டன் கடவுளை மறுக்கிறார் என்ற பழியும் விழுந்தது. நோயில் வாடிக்கொண்டிருந்த ஹட்டன், 1795-ல் இரண்டு பாகங்கள் கொண்ட பெரிய நூலாகப் பதில் கொடுத்தார். வாசிக்கக் கடினமான நடை என்பதால் அது அதிகம் பேரைச் சேரவில்லை. 1797 மார்ச் 26-ல் காலமானார்.

நண்பர்கள் விடவில்லை. ஜேம்ஸ் ஹால், பசால்ட் வகைப் பாறையை உலையில் உருக்கிப் பார்த்தார். வேகமாக ஆறினால் கண்ணாடி மாதிரி ஆனது. மெதுவாக ஆறினால் படிகங்கள் கொண்ட பாறையாகவே திரும்பியது! பாறை நெருப்பில் பிறக்க முடியும் என்பது அங்கே நிரூபணமானது. 1802-ல் பிளேஃபேர் எளிய நடையில் எழுதிய புத்தகம் ஹட்டனின் கருத்தைப் பலரிடம் கொண்டு சேர்த்தது.

சரி, மேக்மா எப்படி உருவாகுது?

ஹட்டனுக்கு விடை கிடைக்காத கேள்வி இது. பூமியின் மேலோட்டுக்குக் கீழே மேன்டில் என்ற அடுக்கு இருக்கு. அது குழம்புக் கடல் என்று பலர் நினைக்கிறோம். உண்மையில் அது பெரும்பாலும் திடப்பாறைதான். பயங்கர சூடு இருந்தும் மேலிருந்து அழுத்தும் எடை அதை உருக விடாது. அது உருக மூன்று வழிகள் உண்டு.

அழுத்தம் குறைவது: பிரஷர் குக்கரில் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காத தண்ணீர், அழுத்தத்தை விட்டதும் குபீரெனக் கொதிக்குமே, கிட்டத்தட்ட அப்படித்தான். சூடான பாறை மேலே நகரும்போது அழுத்தம் குறைந்து, ஒரு பகுதி உருகிவிடும். ஐஸ்லாந்து, ஹவாய் எரிமலைகள் இந்த வகை.

தண்ணீர் சேர்வது: ஐஸில் உப்பு போட்டால் குறைந்த வெப்பத்திலேயே உருகும். அதேபோல, கடல்தரைத் தட்டு இன்னொரு தட்டுக்கு அடியில் புதையும்போது அதிலிருந்து வெளியேறும் நீர், மேலே உள்ள பாறையின் உருகுநிலையைக் குறைக்கிறது. ஜப்பான், இந்தோனேசியா எரிமலைகள் இப்படி வந்தவை.

வெப்பம் பரவுவது: கீழிருந்து ஏறும் மேக்மா, வழியில் உள்ள மேலோட்டுப் பாறையையும் உருக்கும்.

மேக்மா வெளியே வந்தால் லாவா. உள்ளேயே மெதுவாக இறுகினால் கிரானைட் போன்ற பாறை. கடலுக்கு அடியில் நடுமுகடுகளில் இன்றும் மேக்மா எழுந்து புதிய கடல்தரையை உருவாக்கிக்கொண்டே இருக்கிறது.

எல்லாவற்றிலும் ஹட்டன் சரி என்று சொல்ல முடியாது. மணற்கல் போன்ற படிவுப் பாறைகளும் வெப்பத்தால்தான் இறுகின என்று நினைத்தார். அது தவறு. ஆனால் தேய்ந்து போகும் நிலத்துக்கு ஈடாக, பூமியின் உள்வெப்பம் புது நிலத்தை எழுப்புகிறது என்ற அவரது அடிப்படைக் கருத்து இன்றும் நிற்கிறது.

எடின்பரோவின் கிரேஃப்ரையர்ஸ் கல்லறைத் தோட்டத்தில்தான் அவரைப் புதைத்தார்கள். கல்லின் கதையைச் சொன்ன அந்த மனிதரின் பெயர் பொறித்த நினைவுக்கல் அங்கே வைக்கப்பட்டது 1947-ல்தான். அவர் இறந்து 150 வருஷம் கழித்து.