கப்பலில் சொதப்பிய ஐடியா... கடல் பாலங்களைக் காப்பது எப்படி? யார் இந்த ஹம்ப்ரி டேவி?

கடலோரப் பாலத்தை உப்பு உள்ளே புகுந்துதான் அரிக்கும். கான்கிரீட்டுக்குள் மெல்ல ஊறி, உள்ளே இருக்கும் இரும்புக் கம்பியைத் தொட்டதும் துரு ஆரம்பிக்கும். துரு ஏற ஏற கம்பி பருத்து, கான்கிரீட் விரிசல் விட்டு உதிரும்.

இதைத் தடுக்க இன்னைக்கு இன்ஜினீயர்கள் பயன்படுத்துற ஒரு முறை, 200 வருஷத்துக்கு முன்னாடி அதைக் கண்டுபிடிச்சவருக்கே கெட்ட பேர் வாங்கிக் கொடுத்தது. அவர்தான் ஹம்ப்ரி டேவி.

யார் இவர்?

1778-ல் இங்கிலாந்தின் பென்சான்ஸ் என்ற கடலோர ஊரில் பிறந்தவர். அப்பா மரச்சிற்பி; டேவி டீன் ஏஜில் இருக்கும்போதே இறந்துட்டார். காலேஜ் படிப்பு கிடையாது. ஒரு மருத்துவரிடம் வேலைக்குச் சேர்ந்து, தானாகவே வேதியியல் கற்றார்.

1807-ல் மின்சாரம் பாய்ச்சி பொட்டாசியம், சோடியம் இரண்டையும் பிரித்தெடுத்தார். மைக்கேல் ஃபாரடேவை உதவியாளராகச் சேர்த்துக்கொண்டவரும் இவர்தான். 1815-ல் சுரங்கத் தொழிலாளர்களுக்குப் பாதுகாப்பு விளக்கு செய்தார். அதுக்குக் காப்புரிமைகூட வாங்கலை. 1820-ல் ராயல் சொசைட்டியின் தலைவரானார்.

கடற்படை கொடுத்த வேலை

அப்போ போர்க்கப்பல்களின் அடிப்பகுதி மரம். புழு அரிக்காம இருக்க, அதன்மேல் செம்புத் தகடு அடிப்பாங்க. ஆனா கடல்நீர் அந்தச் செம்பையே தின்றது. வழி கேட்டு கடற்படை டேவியிடம் வந்தது.

1824-ல் விடை சொன்னார். செம்போடு ஒரு சின்ன துத்தநாகத் துண்டையோ இரும்புத் துண்டையோ இணைச்சா போதும். கடல்நீரில் அந்தத் துண்டு கரைந்து, எலக்ட்ரான்களைச் செம்புக்குக் கொடுக்கும். துண்டு அழியும், செம்பு தப்பிக்கும்.

எங்கே சிக்கல்?

செம்பு நிஜமாவே அரிக்கலை. ஆனா, கொஞ்சம் கொஞ்சமா கரையுற செம்பின் நச்சுதான் அதுவரைக்கும் பாசி, சிப்பி எதையும் ஒட்டவிடாம வெச்சிருந்தது. கரைவது நின்றதும் கப்பலின் அடியில் எல்லாம் வந்து ஒட்டிக்கிச்சு, வேகம் குறைஞ்சது. 1825-ல் கடற்படை அந்தத் துண்டுகளைக் கழற்றச் சொல்லிடுச்சு. பத்திரிகைகள் கிண்டலடிச்சன. உடல்நலம் குன்றி, 1829-ல் ஜெனீவாவில் 50 வயசில் டேவி இறந்தார்.

பாலத்துக்கு எப்படிப் பொருந்துது?

பாலம் எங்கேயும் ஓடப்போறதில்லை. தூணில் சிப்பி ஒட்டினா வேகம் குறையும்னு கவலையே இல்லை! அமெரிக்காவின் ஆரிகன் கடற்கரையில், 1936-ல் திறக்கப்பட்ட யாகினா பே பாலத்தின் கான்கிரீட் மேல் துத்தநாகத்தை உருக்கி ஸ்ப்ரே பண்ணி, உள்ளே இருக்கும் கம்பியோடு இணைச்சு, சிறிதளவு மின்சாரமும் கொடுத்திருக்காங்க. கம்பிக்குப் பதிலா துத்தநாகம் கரையுது.

ஒரே ஒரு விஷயம்: துத்தநாகம் தீர்ந்தா திரும்பப் பூசணும். மறந்துட்டா, அடுத்து கரையப்போறது கம்பிதான்.